எஞ்சின் செய்து வந்த வண்டி ஸ்டார்ட் ஆகவில்லையா? சத்தத்தை வைத்துப் பிழையைப் பிடிக்கும் வழி

ஹெட்டை (சிலிண்டர்களின் மேல்மூடி) இறக்கி, கேஸ்கட் மாற்றி, வால்வ் தேய்த்து எல்லாம் பூட்டியாயிற்று. சாவியைத் திருப்பினால் வண்டி எழும்பவில்லை. மலையகத்தில் இது அடிக்கடி நடக்கிற காரியம். கினிகத்தேனை ஏற்றத்திலோ இறம்பொடை வளைவுகளிலோ ஒரு தடவையாவது கொதிக்காத பழைய வண்டியை எங்கள் பக்கம் தேடித்தான் பிடிக்க வேண்டும். அதனால் எஞ்சின் வேலையும் இங்கே அதிகம், வேலை முடிந்த பிறகு வரும் இந்தத் தலையிடியும் அதிகம்.

வேலைக்கு விட்டபோது வண்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. கொதித்தது, புகைத்தது, ஒயில் குடித்தது, ஆனால் ஸ்டார்ட் ஆனது. இப்போது ஆகவில்லை என்றால் வேலை செய்த கை பட்ட இடத்திலேயே முதலில் தேட வேண்டும். கழற்றிய கப்ளர் (வயர்களை இணைக்கும் சொக்கட்), மறந்துபோன எர்த் வயர், மாறிப் பூட்டிய ப்ளக் வயர், ஒரு பல் தள்ளிப்போன டைமிங் பெல்ட் (பிஸ்டனையும் வால்வையும் ஒரே தாளத்தில் ஓட்டும் பட்டை), பத்துக்கு எட்டுத் தடவை இவற்றில் ஒன்றுதான். ஆகவே வேலை செய்த மெக்கானிக் பாஸிடம் முதலில் கேட்க வேண்டியது "என்ன பிழை?" என்றல்ல, "எதையெல்லாம் கழற்றினீங்க?" என்று. ஹெட் மட்டுமா, எஞ்சினையே கீழே இறக்கினாரா, கிளட்ச்சும் சேர்த்தா? பதிலை ஒரு துண்டில் எழுதிக்கொள்ளுங்கள். கழற்றாத இடத்தைக் கடைசிக்கு விடலாம்.

கையில் ஒரு மல்டிமீட்டர் (சாதாரண விலை குறைந்தது போதும்), ஒரு டெஸ்ட் லாம்ப், ப்ளக் ஸ்பேனர், சாவியைத் திருப்ப ஒரு ஆள். நம் ஊரில் சமதரை கிடைப்பது அபூர்வம், ஆகவே ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பாமல் டயருக்குக் கல் போடுங்கள், கியரை நியூட்ரலில் வையுங்கள். ஹைபிரிட் வண்டியாக இருந்தால் இதை வாசித்துவிட்டு பொனட்டைத் திறக்க வேண்டாம். செம்மஞ்சள் நிற வயர் ஓடுகிற வண்டியைத் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள்.

உருட்டி ஸ்டார்ட் செய்யாதீர்கள்

வண்டி எழும்பவில்லை என்றவுடன் பக்கத்தில் நிற்கிற யாராவது ஒருவர், "அண்ணே, செகண்ட்ல போட்டு அப்படியே இறக்கத்துல விடுங்க, பத்திக்கும்" என்பார். நல்ல மனதோடுதான் சொல்கிறார். பெட்டரி இறங்கிய வண்டிக்கு அது சரியான வைத்தியமும்கூட. எஞ்சின் திறந்து மூடிய வண்டிக்கு அது விஷப் பரீட்சை.

ஸ்டார்ட்டர் மோட்டார் எஞ்சினை நிமிடத்துக்கு ஏறத்தாழ 200 சுற்றுதான் சுற்றும். இரண்டாம் கியரில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் உருளும்போது கிளட்ச்சை விட்டால் ஆயிரம் சுற்றுக்கு மேல், அதுவும் முழு வண்டியின் பாரத்தோடு இழுபடும். டைமிங் பெல்ட் தவறிப் பூட்டப்பட்டிருந்தால், ஸ்டார்ட்டரில் "டொக்" என்று தட்டி நின்றிருக்கக்கூடிய பிஸ்டன், இந்த வேகத்தில் வால்வை வளைத்துவிட்டுத்தான் நிற்கும். சிலிண்டருக்குள் தண்ணீர் இறங்கியிருந்தால் நிலைமை இன்னும் மோசம். தண்ணீர் அமுங்காது, ஆகவே கனெக்டிங் ராட் வளையும். சில பெட்ரோல் எஞ்சின்களில் டைமிங் தவறினாலும் வால்வும் பிஸ்டனும் முட்டாத அளவுக்கு இடம் விட்டிருப்பார்கள். டீசலில் அந்த இடமே இல்லை.

எஞ்சினை விடுங்கள், உயிர்ப் பயமும் இதில் இருக்கிறது. எஞ்சின் ஓடாதபோது பிரேக் பூஸ்டருக்கு வெற்றிடம் கிடைக்காது. மிச்சம் இருப்பதில் இரண்டு மூன்று தடவை பிரேக் பிடிக்கலாம், அதற்குப் பிறகு பெடல் கல் மாதிரி. பவர் ஸ்டீயரிங்கும் கனக்கும். நானுஓயா இறக்கத்திலோ அப்புத்தளைச் சரிவிலோ இதைச் சோதித்துப் பார்க்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. ஓட்டோ கியர் வண்டி என்றால் உருட்டி எந்தப் பயனும் இல்லை, அது அப்படி ஸ்டார்ட் ஆகாது.

சரி, இனிச் சாவியைத் திருப்பிக் காதைக் கொடுப்போம்.

சத்தமே இல்லை

டாஷ்போர்ட் லைட் எரிகிறதா? எரியவில்லை என்றால் பெட்டரி டெர்மினல் இறுக்கமாக இருக்கிறதா என்று கையால் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் அதுதான் பிழை. ஆடவில்லை என்றால் பெட்டரியிலிருந்து புறப்படும் பெரிய பியூஸைப் பாருங்கள். பெட்டரி வயரைக் கழற்றாமலே வேலை செய்து ஸ்பேனர் எங்காவது பட்டிருந்தால் அந்தப் பியூஸ் போயிருக்கும்.

லைட் நன்றாக எரிகிறது, ஆனாலும் மௌனம் என்றால் ஸ்டார்ட்டருக்குப் போகும் மெல்லிய வயரைத் தேடுங்கள். ஸ்டார்ட்டரில் இரண்டு இணைப்பு உண்டு, பெட்டரியிலிருந்து வரும் தடித்த கேபிள் ஒன்று, சாவியிலிருந்து வரும் மெல்லியது ஒன்று. மெல்லியது குத்தும் வகை. எஞ்சினை ஏற்றும்போது அது கீழே தொங்கிப்போய், வெளியில் பார்த்தால் தெரியாத இடத்தில் நிற்கும். டெஸ்ட் லாம்பின் ஒரு முனையை எஞ்சின் இரும்பில் மாட்டி, மறுமுனையை அந்த வயரில் வைத்து, சாவியை ஸ்டார்ட் வரை திருப்பச் சொல்லுங்கள். லாம்ப் எரிந்தால் சாவிப் பக்கம் சுகம், பிழை ஸ்டார்ட்டரிலோ எர்த்திலோ. எரியாவிட்டால் ரிலே, சாவி சுவிட்ச், ஓட்டோ கியர் வண்டியில் கியர் லீவர் சுவிட்ச். பார்க்கில் ஸ்டார்ட் ஆகாமல் நியூட்ரலில் ஆனால், கியர் கேபிளைத் திரும்பப் பூட்டியதில் பிசகியிருக்கிறது.

ஒரு "டக்", அல்லது "டக டக டக"

எல்லோரும் பெட்டரியைத்தான் குறை சொல்வார்கள். வண்டி கராஜில் நாள்கணக்கில் கதவு திறந்தபடி, உள்லைட் எரிந்தபடி கிடந்திருந்தால் அது உண்மையாகவும் இருக்கலாம். அளந்து பாருங்கள். எதுவும் போடாத நிலையில் 12.6 வோல்ட் என்றால் முழுச் சார்ஜ், 12.2 என்றால் பாதி. ஸ்டார்ட் அடிக்கும்போது 9.6க்குக் கீழே விழுந்தால் பெட்டரி தாங்கவில்லை. தை மாதத்தில் நுவரெலியாவில் புல்லில் உறைபனி படியும் காலையில் இந்த எண்ணிக்கை இன்னும் சரியும். குளிரில் பெட்டரியின் பலம் குறைகிறது, ஒயிலும் தடிக்கிறது, இரண்டும் ஒரே நேரத்தில்.

பெட்டரி 12.6 காட்டியும் "டக்" என்று மட்டும் சொன்னால் எர்த் வயரைப் பாருங்கள். எஞ்சினுக்கும் பொடிக்கும் இடையில் ஒரு பின்னல் பட்டை அல்லது தடித்த கறுப்பு வயர் இருக்கும். எஞ்சின் ஏற்றும்போது மறந்துவிடுகிற சாமான்களில் முதலிடம் இதற்குத்தான். சிலர் மறப்பதில்லை, ஆனால் எஞ்சினுக்கு அழகாகப் பெயின்ட் அடித்துவிட்டு அந்தப் பெயின்ட்டின் மேலேயே பூட்டிவிடுவார்கள். பார்க்க இறுக்கமாகத்தான் இருக்கும், கரண்ட் போகாது.

சோதிப்பது சுலபம். மீட்டரின் ஒரு முனையை எஞ்சின் இரும்பிலும் மறுமுனையை பெட்டரியின் நெகட்டிவ் முனையிலும் வைத்து ஸ்டார்ட் அடிக்கச் சொல்லுங்கள். 0.3 வோல்ட்டுக்குள் காட்டினால் நல்லது. 0.5க்கு மேல் போனால் எர்த் பிழை. மீட்டர் இல்லையா? ஜம்ப் வயர் ஒன்றை நெகட்டிவ்விலிருந்து எஞ்சின் இரும்புக்கு நேரே மாட்டி அடித்துப் பாருங்கள். உடனே சுற்றினால் காரணம் கையில் கிடைத்துவிட்டது.

எர்த் வயர் இல்லாமலே திரும்பத் திரும்ப அடித்தால் ஸ்டார்ட்டருக்கான கரண்ட் வேறு வழி தேடும். எக்ஸலரேட்டர் கேபிள், சோக் கேபிள், கியர் கேபிள் என்று எது எஞ்சினையும் பொடியையும் தொடுகிறதோ அதன் வழியே பாயும். அந்தக் கேபிள் சூடாகிப் புகைகிறது என்றால், "வயரிங் எரியுது" என்று பதற வேண்டாம். பெட்டரியைக் கழற்றுங்கள், எர்த்தைப் பூட்டுங்கள்.

ஸ்டார்ட்டர் அடிக்கிறது, எஞ்சின் அசையவில்லை

"வீய்ங்" என்று மோட்டார் மட்டும் தனியாகச் சுற்றினால் ஸ்டார்ட்டரின் பெண்டிக்ஸ் பல், எஞ்சினோடு சுற்றும் பெரிய பற்சக்கரமான பிளைவீலைப் பிடிக்கவில்லை. கிளட்ச் வேலையும் நடந்திருந்தால் ஸ்டார்ட்டர் நேராக உட்காரவில்லை, அல்லது வேறு வண்டியின் பிளைவீல் வந்து சேர்ந்திருக்கிறது. கொழும்பில் பழைய வாகனச் சாமான் விற்கும் பஞ்சிகாவத்தைக்குச் சாமான் வாங்கப் போகிறவர்கள் பழையதைக் கையோடு கொண்டுபோய்ப் பற்களை எண்ணிப் பார்த்து வாங்குவதற்குக் காரணம் இதுதான்.

மோட்டார் முக்குகிறது, எஞ்சின் இறுகி நிற்கிறது என்றால் இனி சாவியைத் தொடாதீர்கள். ப்ளக் எல்லாவற்றையும் கழற்றுங்கள். கிரேங்க் புலியின் (எஞ்சின் தண்டின் முனையில் இருக்கும் சக்கரம்) நட்டில் ஸ்பேனர் போட்டு எஞ்சின் சுற்றும் பக்கமாகக் கையால் சுற்றுங்கள். பெரும்பாலான எஞ்சின்களுக்கு அது வலஞ்சுழி, அதாவது கடிகார முள் போகும் திசை. பழைய ஹொண்டாக்கள் பல இதற்கு மாறு.

புது ரிங், புது பேரிங் போட்ட எஞ்சின் கனமாகத்தான் சுற்றும், ஆனால் எல்லா இடத்திலும் ஒரே கனமாக. ஒரு குறிப்பிட்ட இடத்தில் வந்து "டொக்" என்று இரும்பில் இரும்பு தட்டி நின்றால் வால்வும் பிஸ்டனும் முட்டுகின்றன. அங்கேயே நிறுத்துங்கள், ஒரு விரற்கடைகூட மேலே தள்ள வேண்டாம், பெல்ட் மார்க்கைப் பார்க்க வேண்டும். ப்ளக் துளையால் தண்ணீர் பீறிட்டால் கேஸ்கட் சரியாக உட்காரவில்லை, அல்லது ஹெட்டில் வெடிப்பு விழுந்திருக்கிறது. கொதித்து வந்த ஹெட்டை சமமாகச் சீவாமல் பூட்டியிருந்தாலும் இதேதான். எதுவும் வெளியே வராமல், எங்கேயும் சுற்றாமல் நின்றால் உள்ளே பேரிங் மூடிகள் இடம் மாறிப் பூட்டப்பட்டிருக்கலாம். அது உங்களுடைய வேலையல்ல, செய்தவரே திரும்பத் திறக்க வேண்டும்.

மிக லேசாக, "விர்ர்ர்" என்று சுற்றுகிறது

நல்ல எஞ்சின் ஸ்டார்ட் அடிக்கும்போது "உர், உர், உர்" என்று தாளத்தோடு இழுக்கும். ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை அமுக்கும்போது வரும் தாளம் அது. தாளம் இல்லாமல் தையல் மெஷின்போல ஒரே சீராக ஓடினால் அமுக்கம் இல்லை. ஸ்பார்க்கும் பெட்ரோலும் தேடிக்கொண்டிருக்க வேண்டாம், நேரே டைமிங் பெல்ட்டுக்குப் போங்கள்.

மேல் கவரைக் கழற்றி, கிரேங்க் மார்க்கை அதன் இடத்தில் நிறுத்தினால் வால்வைத் திறக்கும் கேமின் மார்க்கும் அதன் இடத்தில் நிற்க வேண்டும். பூட்டும்போது நின்றது போதாது. கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடி பாருங்கள். கிரேங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால்தான் கேம் ஒரு சுற்று முடிக்கும். டென்ஷனர் தளர்வாக இருந்தால் அந்த இரண்டு சுற்றுக்குள் ஒரு பல் தள்ளிப்போயிருப்பது தெரியும். செயின் எஞ்சினுக்கும் இதே கதைதான், திறந்து பார்ப்பது மட்டும் சிரமம்.

பெல்ட் சரியாக இருந்து அமுக்கம் இல்லையென்றால் டெப்பட் இடைவெளியைப் (வால்வுக்கும் அதைத் தள்ளும் பகுதிக்கும் இடையிலான வெளி) பாருங்கள். வால்வ் தேய்த்த பிறகு அது உள்ளே இறங்கி உட்காரும், இடைவெளி குறையும். பழைய அளவிலேயே விட்டுவிட்டால் வால்வ் முழுதாக மூடாது.

புது ரிங் போட்ட எஞ்சினில் இன்னொன்று. அளவுக்கு மேல் ஸ்டார்ட் அடித்துப் பெட்ரோல் நிறைந்துவிட்டால் அது சிலிண்டர் சுவரில் இருக்கும் ஒயிலைக் கழுவிவிடும். ஒயில் இல்லாமல் ரிங் அடைக்காது. ப்ளக்கைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஒயில் விட்டு, ப்ளக் இல்லாமலே சில வினாடி சுற்றிவிட்டுப் பிறகு பூட்டி அடித்துப் பாருங்கள். அமுக்கம் ஏறினால் ரிங் பக்கம், ஏறாவிட்டால் வால்வ் பக்கம்.

கம்ப்ரெஷன் கேஜ் வைத்து அளப்பவர்களுக்கு மலையக விசேஷம் ஒன்றைச் சொல்ல வேண்டும். புத்தகத்தில் இருக்கும் அளவு கடல்மட்டத்துக்கு எழுதியது. நுவரெலியா 1,868 மீட்டர் உயரம், காற்று மெல்லியது, எஞ்சின் உள்ளே இழுப்பதே குறைவு. கொழும்பில் 180 பிஎஸ்ஐ காட்டும் அதே எஞ்சின் நுவரெலியாவில் 150 அளவிலும், ஹட்டனில் 160 அளவிலும்தான் காட்டும். இதைத் தெரியாமல் "எஞ்சின் செத்துட்டுது, இன்னொரு தடவை இறக்குவோம்" என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். எண்ணிக்கையைவிடச் சிலிண்டருக்குச் சிலிண்டர் உள்ள வித்தியாசம்தான் முக்கியம். நான்கும் 148, 150, 151, 149 என்றால் எஞ்சின் நலம். மூன்று 150 காட்டி ஒன்று 90 காட்டினால் அந்த ஒன்றில் விஷயம் இருக்கிறது. அளக்கும்போது ப்ளக் எல்லாம் கழன்றிருக்க வேண்டும், எக்ஸலரேட்டர் முழுதாக மிதிபட்டிருக்க வேண்டும், இக்னிஷனும் இன்ஜெக்டரும் வேலை செய்யாதபடி கப்ளர் கழற்றியிருக்க வேண்டும்.

நன்றாகச் சுற்றுகிறது, ஒரு இருமல்கூட இல்லை

தாளம் சரி, வேகம் சரி, ஆனால் பற்றவே இல்லை. ஸ்பார்க் இல்லை, அல்லது பெட்ரோல் இல்லை. பெட்ரோல் இன்ஜெக்ஷன் வண்டி என்றால் தொடங்க வேண்டிய இடம் டாஷ்போர்ட்.

சாவியை ஒன் நிலைக்குத் திருப்பியதும் எஞ்சின் செக் லைட் எரிய வேண்டும். எரியவில்லை என்றால் கம்ப்யூட்டருக்குப் பவரோ எர்த்தோ கிடைக்கவில்லை, பல்பே போயிருந்தால் ஒழிய. ஹெட்டை இறக்கிய வண்டிகளில் இன்டேக் மேனிஃபோல்டில் பூட்டியிருந்த இரண்டு மூன்று மெல்லிய எர்த் வயர்களைப் பாருங்கள். வட்ட வளையம் மாட்டிய வயர்கள் அவை. மேனிஃபோல்டைக் கழற்றும்போது கழன்று, திரும்பப் பூட்டும்போது வயரிங் கட்டுக்குப் பின்னால் ஒளிந்துவிடும். அவை பூட்டப்படாதவரை கம்ப்யூட்டருக்கு எதுவும் சரியாகத் தெரியாது. ஸ்பார்க்கும் வராது, இன்ஜெக்டரும் திறக்காது.

அதே நேரம் பின் சீட்டுக்கு அடியில் காதை வையுங்கள். பல வண்டிகளில் சாவி திருப்பியதும் பெட்ரோல் பம்ப் ஓரிரு வினாடி "ம்ம்ம்" என்று முனகி நிற்கும். அப்புறம் ஸ்டார்ட் அடிக்கும்போது ஆர்பிஎம் முள்ளைப் பாருங்கள். பல வண்டிகளில் அது சற்றே எழும்பும். பூச்சியத்திலேயே ஒட்டிக் கிடந்தால் கிரேங்க் சென்சரிலிருந்தோ டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்தோ (ஸ்பார்க்கை ப்ளக்குகளுக்குப் பங்கிடுவது) சிக்னல் போகவில்லை என்று சந்தேகிக்கலாம். அந்தக் கப்ளர் பூட்டியிருக்கிறதா, வயர் எக்ஸோஸ்ட் பக்கம் பட்டு உருகியிருக்கிறதா பாருங்கள். ஒரே மாதிரியான இரண்டு கப்ளர் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் மாறிப் பூட்டியிருக்கவும் இடமுண்டு.

ஸ்பார்க் பார்ப்பதற்கு ஒரு ப்ளக்கைக் கழற்றி வயரில் மாட்டி, அதன் இரும்பு உடம்பை எஞ்சினில் தொடவைத்து ஸ்டார்ட் அடிக்கச் சொல்லுங்கள். நீலமாக, "சட் சட்" என்று சத்தம் கேட்கும்படி பாய வேண்டும். கையால் பிடிக்காதீர்கள், பக்கத்தில் பெட்ரோல் ஈரம் இருக்கக் கூடாது. மஞ்சளாக, மெல்லியதாக வந்தால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். வைகாசிக்குப் பிறகு ஹட்டன், மஸ்கெலியா பக்கம் மழையும் மிஸ்டும் விடாமல் இருக்கும்போது, திறந்த கராஜில் கழற்றி வைத்த மூடிக்குள் ஈரம் படிந்திருக்கும். உலர்ந்த துணியால் துடைத்தாலே பாதி வண்டி எழும்பும்.

ஸ்பார்க் நன்றாக இருக்கிறது, ஆனால் ப்ளக் காய்ந்திருக்கிறது என்றால் பெட்ரோல் வரவில்லை. டேங்கில் எவ்வளவு இருக்கிறது? சிரிக்க வேண்டாம். கராஜில் கிடந்த வண்டியில் சொட்டுப் பெட்ரோல்தான் இருக்கும். வண்டியோ சரிவில் மூக்குக் கீழே பார்த்து நிற்கும். இருக்கிற கொஞ்சமும் டேங்கின் ஒரு மூலைக்கு ஓடிவிட, பம்ப் காற்றை உறிஞ்சும். ஐந்து லீற்றர் ஊற்றிப் பாருங்கள். கார்பரேட்டர் வண்டி என்றால் கிண்ணம் காலியாக இருக்கும். எஞ்சினோடு ஓடும் பம்ப் அதை நிரப்பச் சிறிது நேரம் ஆகும். பம்புக்குள் வரும் ஹோஸும் போகும் ஹோஸும் இடம் மாறியிருந்தால் எவ்வளவு அடித்தாலும் நிரம்பாது.

ப்ளக் நனைந்து பெட்ரோல் மணத்தால் அது வேறு கதை, எஞ்சின் மூழ்கிவிட்டது. ப்ளக்கைத் துடைத்துக் காயவைத்துப் பூட்டி, எக்ஸலரேட்டரைத் தரைவரை மிதித்தபடி ஸ்டார்ட் அடியுங்கள். இன்ஜெக்ஷன் வண்டிகள் பலவற்றில் அப்படி மிதித்தால் கம்ப்யூட்டர் இன்ஜெக்டரை நிறுத்திவிடும், காற்று மட்டும் போய் உள்ளே காயும். ஒரு தடவைக்குப் பத்து வினாடிக்கு மேல் அடிக்காதீர்கள், இடையில் ஒரு நிமிடம் விடுங்கள். இல்லாவிட்டால் ஸ்டார்ட்டரும் செலவுக் கணக்கில் சேரும்.

இருமுகிறது, கார்பரேட்டரால் வெடிக்கிறது

இது நல்ல அறிகுறி. ஸ்பார்க், பெட்ரோல், அமுக்கம் மூன்றும் இருக்கின்றன, நேரம்தான் தவறு.

ப்ளக் வயர் வரிசையைப் பாருங்கள். நான்கு சிலிண்டர் வரிசை எஞ்சின்களில் பொதுவாக 1-3-4-2. மாருதி 800 போன்ற மூன்று சிலிண்டர் சுசுக்கிகளில் 1-3-2. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் ரோட்டர் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று மூடியைத் திறந்து பார்த்துவிட்டு அந்தத் திசையில் எண்ணுங்கள். வரிசை சரியாக இருந்தும் திசையைத் தலைகீழாக எடுத்துப் பூட்டியவர்கள் உண்டு.

வரிசையும் சரி என்றால் டிஸ்ட்ரிபியூட்டர் அரைச் சுற்றுத் தவறி உட்கார்ந்திருக்கலாம். முதல் சிலிண்டர் பிஸ்டன் மேலே வருவது ஒரு முழுச் சுழற்சியில் இரண்டு தடவை, ஒன்று அமுக்கத்தின் முடிவில், மற்றது புகை தள்ளிய பிறகு. இரண்டிலும் கிரேங்க் மார்க் ஒரே இடத்தில்தான் நிற்கும். இங்கேதான் ஏமாறுகிறோம். முதல் ப்ளக்கைக் கழற்றி அந்தத் துளையில் விரலை வைத்து மூடுங்கள், மற்றவர் கையால் எஞ்சினைச் சுற்றட்டும். விரலைக் காற்று தள்ளும் தடவைதான் அமுக்கம். அப்படித் தள்ளி மார்க் நேராக வந்ததும் ரோட்டர் முதல் வயரைப் பார்த்து நிற்க வேண்டும். எதிர்ப்பக்கம் பார்த்தால் கழற்றித் திருப்பிப் போடுங்கள். சில வண்டிகளில் டிஸ்ட்ரிபியூட்டரின் அடி ஒரு பக்கமாக வெட்டியிருப்பதால் இந்தத் தவறு நடக்காது.

டீசல் வேன்

டொல்பின், டவுன்ஏஸ் என்று தோட்டப் பாதைகளில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய டீசல்களுக்கு ஸ்பார்க் கிடையாது, ஆகவே சந்தேகங்களும் குறைவு. ஸ்டார்ட் அடிக்கும்போது புகைக்குழாயைப் பாருங்கள்.

புகையே இல்லை என்றால் டீசல் சிலிண்டருக்குப் போகவில்லை. சாவியை ஒன் செய்யும்போது பம்பில் இருக்கும் சோலனொயிட் "டிக்" என்று சொல்ல வேண்டும். அந்த ஒற்றை வயர் மாட்டப்படாவிட்டால் சொல்லாது. சொன்னால், டீசல் பைப்பில் காற்றுப் பிடித்திருக்கிறது. பில்டர் மேலே இருக்கும் கைப்பம்பை அது இறுகும்வரை அமுக்குங்கள். அதற்கும் சரிவராவிட்டால் இன்ஜெக்டர் பைப்பின் நட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்தி, குமிழி இல்லாமல் டீசல் வரும்வரை ஸ்டார்ட் அடித்து, பிறகு இறுக்குங்கள். அந்த இடத்தில் கையை வைக்காதீர்கள். அழுத்தத்தோடு வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும், அது ஆஸ்பத்திரிக் காயம்.

வெள்ளைப் புகை வருகிறது, பற்றவில்லை என்றால் டீசல் போகிறது, சூடு போதவில்லை. ஹீட்டர் ப்ளக்கைப் பாருங்கள். டெஸ்ட் லாம்பை பெட்டரியின் பொசிட்டிவ்வில் மாட்டி, ஹீட்டர் ப்ளக்கின் இணைப்புப் பட்டையைக் கழற்றி ஒவ்வொன்றின் தலையிலும் தொட்டால், நல்லது எரியவைக்கும், போனது எரியவைக்காது. நான்கும் நல்லது என்றால் பட்டைக்குக் கரண்ட் வருகிறதா என்று பாருங்கள். அதுவும் சரி என்றால் பம்ப் டைமிங் பல் தவறியிருக்கிறது, அல்லது அமுக்கம் போதவில்லை. ஹீட்டர் ப்ளக் உள்ள எஞ்சினுக்கு ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே அடிக்கவே கூடாது. சூடான ப்ளக் அதைக் கண்ட நேரத்தில் வெடிக்கவைத்து பிஸ்டனையே உடைக்கும்.

எழும்பியது, உடனே செத்துவிட்டது

எத்தனை வினாடியில் என்பதைக் கவனியுங்கள். எழும்பி ஓரிரு வினாடியில் அணைந்து, டாஷ்போர்டில் சாவிப் படம் மின்னினால், சாவியை அடையாளம் காணாமல் எஞ்சினை நிறுத்தும் இம்மொபிலைசர்தான் காரணம். சாவி வளையத்தில் வேறு ரிமோட் சாவி தொங்கினால் அதைக் கழற்றிவிட்டு முயலுங்கள். சாவியை ஸ்டார்ட்டிலிருந்து விட்ட அதே கணத்தில் அணைந்தால், பொயின்ட் வகைப் பழைய வண்டியில் கொயிலுக்குப் போகும் ரெசிஸ்டர் அறுந்திருக்கிறது. ஸ்டார்ட் நிலையில் அதைச் சுற்றிக்கொண்டு நேரே பவர் வரும், ஒன் நிலையில் அதன் வழியேதான் வர வேண்டும்.

எக்ஸலரேட்டர் மிதித்தால் ஓடுகிறது, விட்டால் அணைகிறது என்றால் எங்கோ கள்ளக்காற்று நுழைகிறது. எயார் பில்டரிலிருந்து வரும் பெரிய குழாயின் கிளிப், பிரேக் பூஸ்டர் ஹோஸ், மேனிஃபோல்ட் கேஸ்கட் என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பாருங்கள். மூச்சே விட முடியாததுபோல் முக்கிச் சாகிறதா? ஹெட் இல்லாதபோது தூசி விழாமலிருக்க மேனிஃபோல்டுக்குள் அடைத்த துணி இன்னும் உள்ளேயே இருக்கலாம். கேட்க வேடிக்கையாக இருக்கும், எடுக்கும்போது யாரும் சிரிப்பதில்லை.

எழும்பி, அணையாமல் ஓடினால்

ஒயில் லைட் சில வினாடிக்குள் அணைய வேண்டும். அணையாவிட்டால் சாவியை மூடுங்கள், "கொஞ்சம் ஓடினால் சரியாகும்" என்ற பேச்சே வேண்டாம். அணைந்தால் வண்டியின் மூக்கு மேட்டைப் பார்க்கும்படி நிறுத்துங்கள். ரேடியேட்டர் மூடி எஞ்சினைவிட உயரத்தில் இருக்க வேண்டும், அப்போதுதான் ஹெட்டுக்குள் அடைந்த காற்று மேலே வரும். இதற்குத் தேவையான மேடு நம் ஊரில் வீட்டு வாசலிலேயே கிடைக்கும். எஞ்சின் ஆறியிருக்கும்போதே மூடியைத் திறந்து வைத்து, ஹீட்டர் இருந்தால் அதைச் சூட்டுக்குத் திருப்பி, மெதுவாக ஓடவிட்டுத் தண்ணீர் இறங்க இறங்க நிரப்புங்கள். தெர்மோஸ்டாட் திறந்து மேல் ஹோஸ் சூடாகி, குமிழி வருவது நின்ற பிறகு மூடியைப் போட்டு, ஆறவிட்டு மறுபடி மட்டம் பாருங்கள். மட்டம் நிலைத்தால் ஏற்றத்தில் ஏற்றலாம். திரும்ப இறங்கினால் கேஸ்கட்டை இன்னொரு தடவை பார்க்கச் சொல்லிப் பாஸுக்குப் போன் அடியுங்கள்.